ஆராய்ச்சிக் கணக்கு பிரட்டுக்களத்துக்கும் வரட்டும்!

(அட்டன் நகரில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் சிறுதோட்ட விவசாயிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் முகஞ்சுளித்ததை நாம் கவனிக்கத் தவறவில்லை. பல்கலைக்கழகமும் கம்பெனியும் கூடி நடத்தும் ஆராய்ச்சியைப் பற்றி அரசாங்கத்துக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமா? வேண்டுமானால் எதை, எவருக்கு, எந்த மொழியில்? இதுதான் பொருள். "சம்பளத்தைப் பேசுவீர்கள், காணியைப் பேசுவீர்கள் என்று வந்தோம், நீங்கள் காகிதத்தைப் பேசப்போகிறீர்களா?" என்று வாயிலிலேயே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார்.

ஐயா, சம்பளத்தையும் காணியையும் தீர்மானிப்பது காகிதந்தான். 1948ஆம் ஆண்டில் மலையகத் தமிழனின் குடியுரிமையைப் பறித்தது துப்பாக்கியன்று, ஒரு சட்டத் தாள். 1964ஆம் ஆண்டில் நம்மைத் தலைகளாக எண்ணிப் பங்கிட்டதும் இரு பிரதமர்கள் ஒப்பமிட்ட ஒரு தாள்தான். காகிதத்தை அலட்சியம் செய்யும் சலுகை வேறு எவருக்கிருந்தாலும் நமக்கில்லை.

இன்னொன்று. ஆராய்ச்சி என்றால் அது படித்தவர்கள் விவகாரம், தலவாக்கலையில் மதிலுக்குள் நடப்பது, பேராதனையில் கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பது என்று நாம் நினைத்துவிட்டோம். ஆராய்ச்சி நடப்பது மலையில். செடிக்கு எத்தனை அடி இடைவெளி, எந்த மாதம் கவ்வாத்து, ஏக்கருக்கு எவ்வளவு உரம், எந்த மருந்தைத் தெளிப்பது, எத்தனை நாளுக்கொருமுறை கொழுந்தெடுப்பது என்பனவெல்லாம் யாரோ ஒருவர் பரிசோதித்து எழுதிய முடிவுகள். அம்முடிவைச் சுமப்பது கூடை சுமக்கும் முதுகு. மருந்துத் தாங்கி சுமக்கும் முதுகு.

இந்த மலைநாட்டின் வரலாறே ஓர் அறிக்கையிலிருந்து தொடங்குகிறதென்றால் மிகையாகாது. தேயிலைக்கு முன் இங்கு கோப்பி இருந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பத்தாண்டுக்குள் தோட்டங்கள் நலிந்தன. துரைமார் பதறினர், அரசாங்கமும் பதறியது. 1880ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் படித்த மார்ஷல் வார்ட் என்னும் இருபத்தாறு வயது இளைஞரை வரவழைத்தனர். அவர் இரண்டாண்டுக் காலம் இலைகளை நுண்காட்டியில் வைத்துப் பார்த்தார். இது பூசணத்தால் வரும் நோய், அதன் வித்துகள் காற்றிற் பறந்து இலைக்கு இலை தாவுகின்றன, மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்குப் பாதை போட்டது என்று கண்டார்.

கண்டதை அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். அரசாங்கம் அதை அச்சிட்டு வெளியிட்டது. நோயைத் தீர்க்கும் மருந்தை அவரால் சொல்ல முடியவில்லை என்று தோட்டக்காரர் பலருக்கு ஏமாற்றம். ஆயினும் இனிக் கோப்பியை நம்பிப் பயனில்லை என்பதை ஊரறியச் செய்ததில் அந்த அறிக்கைகளுக்குப் பங்குண்டு. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை பின்னர் மலையெல்லாம் பரவியது. அறிக்கை யாருக்குப் போயிற்று? தோட்டக்காரருக்கும் தேசாதிபதிக்கும். கோப்பி அழிந்தபோது வேலையிழந்து கால்நடையாகத் தமிழகம் திரும்பிய கூலித் தமிழனுக்கு எவரும் ஓர் அறிக்கையையும் படித்துக் காட்டவில்லை. அன்று தொடங்கிய வழக்கம் இன்னும் முற்றாக மாறிவிடவில்லை என்பதுதான் நம் முறைப்பாடு.

1925ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உண்டாயிற்று. முதலில் நுவரெலியாவில் இருந்தது. பின்னர் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்துக்கு வந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது விதித்த வரியிலிருந்து. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 18 கிலோ கொழுந்தெடுக்கும் ஒரு தாய் அன்றைக்கு நாலு கிலோ தூளுக்கு உரியவற்றை நிறுவையில் வைக்கிறாள். அந்த நாலு கிலோவின்மீதும் ஆராய்ச்சிக்குச் சில சதம் போகிறது. நாட்டின் தேயிலையில் இன்று பெரும்பங்கு சிறுதோட்டக்காரரிடமிருந்து வருகிறது; ஆகவே அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியும் இதற்குப் பணங் கட்டியவர்தாம். பணங் கொடுத்தவன் கணக்குக் கேட்பது எந்த ஊரில் குற்றம்?

ஆராய்ச்சியைப் பழிப்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அந்நிலையம் செய்த நன்மைகளை மறப்பவன் நன்றி கெட்டவன். 1946இல் கொப்புள நோய் வந்து இளங்கொழுந்தைச் சுட்டபோது, கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கும் நேருமோ என்று நாடே அஞ்சியது. செம்பு கலந்த மருந்தை எப்படி, எப்போது தெளிப்பதென்று பரிசோதித்துச் சொல்லித் தேயிலையைக் காத்தவர்கள் அந்நிலையத்தார்.

இப்போது ஒரு குளவியின் கதையைச் சொல்லவேண்டும். நாம் கேட்பது என்ன என்பதை இக்கதையைவிடத் தெளிவாக விளக்க நமக்குத் தெரியவில்லை.

இலைகளைப் பிணைத்துக் கட்டி உள்ளிருந்து தின்னும் டோட்றிக்ஸ் புழுவை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். முன்னொரு காலம் சிறுவர்களைக் கூலிக்கு அமர்த்தி அதன் முட்டைகளைப் பொறுக்கச் செய்தார்கள். 1935, 36ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சி நிலையத்தார் யாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவைத் தின்று வெளிவரும். சில ஆண்டுகளில் டோட்றிக்ஸ் அடங்கிவிட்டது. மருந்துமில்லை, செலவுமில்லை. உலகத்துப் பூச்சியியலாளர் இன்றும் எடுத்துக்காட்டும் வெற்றி இது.

பின்னர் தண்டு துளைக்கும் வண்டு தொல்லை கொடுத்தது. அதற்கு 1950களின் பிற்பகுதியில் டீல்டிரின் என்னும் மருந்தைத் தெளித்தார்கள். வண்டு குறைந்தது. ஆனால் அடங்கிக் கிடந்த டோட்றிக்ஸ் மீண்டும் பெருகிற்று. காரணம் என்ன? மருந்து குளவியையும் கொன்றுவிட்டது. காவற்காரனைக் கொன்றபின் கள்வன் சும்மா இருப்பானா? அம்மருந்தை விட்டு வேறு வழி தேட நேர்ந்தது.

இது நமக்கு எப்படித் தெரியவந்தது? எந்த மலையில் எந்த மருந்து எப்போது தெளிக்கப்பட்டது, எங்கே புழு பெருகிற்று என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதியதை ஒளிக்காமல் அச்சிட்டார்கள். தாம் செய்த காரியத்தால் விளைந்த கேட்டைத் தாமே எழுதினார்கள். பொதுப் பணத்தில் இயங்கிய நிலையமாதலால் எழுதியது பொதுவில் வந்தது. அதே பரிசோதனையை மருந்து விற்கும் கம்பெனியொன்று தன் செலவில், தன் உடன்படிக்கையின் கீழ், தன் அனுமதியின்றி வெளியிடக்கூடாதென்ற நிபந்தனையோடு நடத்தியிருந்தால், குளவி செத்த செய்தி வெளியே வந்திருக்குமா? வந்திருக்கவுங்கூடும்; நல்ல விஞ்ஞானிகள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் மலையின் நலத்தை ஒருவருடைய நற்குணத்தின்மேல் மட்டும் கட்டிவைக்கலாமா?

இந்த ஐயம் இன்று பெரிதாகியிருப்பதற்குக் காரணமுண்டு. 1970களில் அரசாங்கம் எடுத்துக்கொண்ட தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளின் கைக்கு வந்தன. பல்கலைக்கழகங்களுக்கோ அரசாங்கம் கொடுக்கும் பணம் போதவில்லை. "தொழில்துறையோடு கைகோத்துப் பணந் தேடுங்கள்" என்று அவற்றுக்குச் சொல்லப்படுகிறது. 2017ஆம் ஆண்டில் உலக வங்கி உயர்கல்விக்கெனப் பத்துக் கோடி டொலர் கொடுத்த திட்டத்திலும் பல்கலைக்கழகத்தையும் வணிகத்தையும் இணைப்பது ஒரு நோக்கமாக இருந்தது. இணைவதை நாம் எதிர்க்கவில்லை. தேயிலை விஞ்ஞானம் படித்த நம் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையில் பயிற்சி வேண்டும். தொழிற்சாலைக்கும் அவர்கள் அறிவு வேண்டும். இணைந்தவர்கள் எதற்கு இணைந்தார்கள் என்று சொல்லிவிடட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

எம்மவரில் சிலருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். ஒருநாட் காலை, மலையில் நிரைக்கு நிரை குச்சி நட்டு, வெள்ளை, சிவப்பு நாடா கட்டியிருந்தது. அட்டைகளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து. வெள்ளை நாடா நிரைக்கு ஒரு தாங்கி, சிவப்பு நாடா நிரைக்கு வேறொரு தாங்கி என்று மருந்தடிப்பவர்களுக்குக் கட்டளை. தாங்கியில் என்ன இருந்ததென்று அவர்களுக்குத் தெரியாது. "என்ன ஐயா இது?" என்று கேட்டவருக்கு, "பரிசோதனை" என்று ஒரு சொல்லில் மறுமொழி. ஆறு மாதம் சென்றபின் குச்சிகளைப் பிடுங்கினார்கள். அந்நிரைகளில் கொழுந்தெடுத்த பெண்களின் கையில் ஏற்பட்ட அரிப்பு மருந்தாலா, வேறெதனாலா என்று கேட்க ஓர் ஆளுமில்லை. சொல்ல ஒரு தாளுமில்லை. மருந்தால் அன்று என்று நிறுவும் தாளாவது இருந்திருந்தால் அந்தத் தாய்மார் நிம்மதியாக உறங்கியிருப்பார்கள் அல்லவா?

தடைகளின் கதையையும் பாருங்கள். 2015ஆம் ஆண்டில் கிளைபோசேற் என்னும் களைக்கொல்லியை அரசாங்கம் தடை செய்தது. தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளைத் தேடின. ஜப்பானுக்கு அனுப்பிய தேயிலையில் மருந்தெச்சம் அளவை மீறியதென்று சிக்கல் எழுந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. பின்னர் 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரே வர்த்தமானியில் தடுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். நீக்கியபின்னும் விலையேற்றத்தால் உரம் எட்டாக்கனியாயிற்று. 2021இல் ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல், 2022இல் 25 கோடியே 10 இலட்சம் கிலோ அளவுக்கு இறங்கியது. மலையில் கொழுந்தில்லை; கொழுந்தில்லையேல் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். வன்னியில் நெல் விவசாயியும் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் பயிரிட்டவரும் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள்.

விதிக்கும்போதும் நீக்கும்போதும் "விஞ்ஞானம் சொல்கிறது" என்றார்கள். எந்த விஞ்ஞானம்? எந்த மலையில் எத்தனை ஆண்டு பரிசோதித்த விஞ்ஞானம்? யார் செலவில்? ஒவ்வொரு பரிசோதனையும் பொது ஏட்டில் பதிவாகியிருந்தால் விவசாயியும் தொழிலாளியும் அதைப் பிரித்துக் காட்டி அமைச்சரிடம் வாதாடியிருக்கலாம்.

அறிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கும் சான்று நம் நாட்டிலேயே உண்டு. நஞ்சருந்தியவர்களைப் பற்றிப் பேராதனையை மையமாகக் கொண்டு மருத்துவர்கள் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். எந்தக் கிருமிநாசினி எத்தனை பேரைக் கொல்கிறதென்று கணக்கெடுத்துக் கிருமிநாசினிப் பதிவாளரின் கையிற் சேர்த்தார்கள். தோட்டங்களில் தாராளமாகப் புழங்கிய பரகுவாற் உட்படச் சில மருந்துகள் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. உயிர்கள் காக்கப்பட்டன. லயங்களில் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் நின்றதென்று எண்ணிப்பாருங்கள்.

சட்டம் இன்று என்ன சொல்கிறது? தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1993ஆம் ஆண்டின் தேயிலை ஆராய்ச்சிச் சபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வருகின்றன. இரண்டின் கணக்கையும் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார்; ஆண்டறிக்கை பாராளுமன்றத்துக்குச் செல்கிறது. நல்லதுதான். ஆனால் ஆண்டறிக்கை என்பது முழு நிறுவனத்தின் கணக்கு. இத்தனை உடன்படிக்கை ஒப்பமாயிற்று, இவ்வளவு வருமானம் என்று ஒரு வரியில் முடிந்துவிடலாம். எந்தத் தோட்டத்தில், எந்த மருந்தோடு, யாருடைய கையால் என்ற விவரத்துக்கு அதில் இடமில்லை. பாராளுமன்றத்தின் மேசைக்குப் போன தாள் பிரட்டுக்களத்துக்கு வருவதுமில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கிடைத்த நல்ல கருவி. பல்கலைக்கழகமும் அதன் கீழ் வரும். அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்து பொதுக் கடமையொன்றைச் செய்யும் தனியார் நிறுவனமும் அக்கடமையின் அளவுக்கு அதன் கீழ் வரும். வணிக இரகசியம் என்று மறுக்க இடமுண்டு. ஆனால் பொதுநலம் அதனினும் பெரிதாயின் வெளியிட வேண்டுமென்றும் அதே பிரிவு சொல்கிறது. குறை என்னவென்றால், இச்சட்டத்தை இயக்க நாம் கேட்கவேண்டும். இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? ஆகவேதான் கேளாமலே பதியும் கடமை வேண்டுமென்கிறோம்.

பிற நாடுகளில் இல்லாததை நாம் கேட்கவில்லை. அமெரிக்காவில், வெளிநாட்டவரிடமிருந்து இரண்டரை இலட்சம் டொலரோ அதற்கு மேலோ பெறும் பல்கலைக்கழகம் அதை அரசாங்கத்துக்கு ஆண்டில் இருமுறை அறிவிக்கவேண்டுமென்று 1986 முதல் சட்டமிருக்கிறது. அரசாங்கப் பணத்தால் விளைந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகம் உரிமையாக்கிக் கொள்ளலாம், ஆனால் மறைக்காமல் அறிவிக்கவேண்டுமென்று 1980இலேயே விதித்துவிட்டார்கள். முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே இந்த ஒழுங்கு இருக்கும்போது, இங்கு கேட்டால் மட்டும் முதலீடு ஓடிவிடுமென்று அச்சுறுத்துவது வேடிக்கை.

மறுப்புரை ஒன்றை நாம் நேர்மையோடு எதிர்கொள்ளவேண்டும். இக்கூட்டத்துக்கு வருமுன் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரோடு பேசினோம். "ஐயா, இப்போதே ஆண்டில் பாதி படிவம் நிரப்புவதில் கழிகிறது. நீங்கள் இன்னொரு படிவமா கேட்கிறீர்கள்? ஆராய்ச்சியை எப்போது செய்வது?" என்றார். அவர் சொன்னதில் நியாயமுண்டு. ஒரே செய்தியை நாலு அலுவலகத்துக்கு நாலு விதமாக எழுதச் சொல்வது கொடுமை. அப்படிச் சேர்ந்த தாள்களைப் பூட்டிவைத்துப் பூச்சிக்கு இரையாக்குவது அதனினும் கொடுமை. அவருக்கு இன்னொரு சுமையை ஏற்ற நாம் வரவில்லை. நாலு படிவத்தை ஒழித்து ஒன்றாக்குங்கள். அந்த ஒன்று இரண்டு பக்கத்துக்கு மேற்படாதிருக்கட்டும். அதை எல்லாரும் பார்க்கட்டும்.

அந்த இரண்டு பக்கத்தில் இருக்கவேண்டியவை இவை. பணங் கொடுப்பவர் யார், எவ்வளவு. எந்தத் தோட்டம், எந்த மலை. என்ன மருந்து, என்ன கருவி, அல்லது என்ன வேலைமுறை. இந்த வேலைமுறை என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். கத்தரியால் கொழுந்தெடுப்பதும், இயந்திரத்தால் எடுப்பதும், ஒருவர் ஒரு நாளில் எத்தனை கிலோ எடுக்க இயலுமென்று அளப்பதும் ஆராய்ச்சிதான். கொழுந்து நிறைந்த மாதத்தில், சமதரையில், இளம்பெண் ஒருத்தி எடுத்த எடையை அளந்துவிட்டு, அதையே செங்குத்து மலையில் ஐம்பது வயதுத் தாய்க்கும் அளவாக வைத்தால் அதை எதிர்த்து வாதிட நம்மிடம் அளந்த தாள் வேண்டாமா? எனவே, வேலை செய்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லப்பட்டதா, அவர்கள் சம்மதித்தார்களா என்பதும் அப்பக்கத்தில் இருக்கவேண்டும். பரிசோதனை முடிந்தபின் என்ன கண்டார்கள் என்பது அவசியம் வரவேண்டும், தோல்வியானாலும் வரவேண்டும். தோல்வியை மறைத்தால் அதே தோல்வியை அடுத்த மலையில் இன்னொருவர் தம் உடலால் வாங்குவார்.

வணிக இரகசியமென்று நியாயமாகச் சொல்லத்தக்கது இருந்தால், கலவையின் செய்முறையை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எட்டிப்பார்க்க மாட்டோம். அந்தக் கலவை தோலுக்கும் நுரையீரலுக்கும் கிணற்று நீருக்கும் செய்வதை எவரும் இரகசியமாக வைக்க நாம் இடங்கொடோம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1956இல் நம் மொழிக்கு நேர்ந்ததை இங்கு விரிக்கத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயின், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் நடக்கும் பரிசோதனையின் சுருக்கம் தமிழிற் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டப்படவேண்டுமென்று கேட்பது சலுகையா? சட்டம் முன்னரே தந்ததை நடைமுறையில் கேட்கிறோம். அதை எழுதத் தமிழ் விஞ்ஞானிகள் இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே பலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு விண்ணப்பம்: நுழைவாயிலில் பலகை வைத்த தோட்டத்தைக் கண்டால் நின்று படியுங்கள், படித்ததை உங்கள் தாய்மாருக்கும் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வீட்டிலிருந்தும் அட்டையில் எழுதியிருந்தது என்னவென்று அறியாத லயங்களை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் குற்றத்தைக் கம்பெனியின் தலையிற் கட்ட முடியாது.

சட்டத் திருத்தம் நாளையே வந்துவிடாது. அதுவரை நாம் கைகட்டி இருக்கவும் போவதில்லை. மேடையின் இடப்பக்கம் மேசையில் தகவல் கோரும் படிவங்கள் வைத்திருக்கிறோம். உங்கள் தோட்டத்தில் கடந்த மூன்று ஆண்டில் குச்சி நட்ட மலை எது, எந்த மாதம், யார் வந்தார்கள் என்று நினைவுள்ளவர்கள் அங்கே வந்து சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்கள் எழுதித் தருவார்கள். எழுதத் தெரியாதவர் தகவல் அலுவலரிடம் நேரிற் சென்று வாயாற் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டுமென்பது சட்டம். பதினான்கு வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி அந்தத் தாளையும் இங்கே கொண்டுவாருங்கள். ஞாயிறு தோறும் மாலை நாலு மணிக்கு அந்த மேசை இதே இடத்தில் இருக்கும்.